கருவி காப்போர் கற்கும் கல்வி



மின்சாரம் உண்டாக்கும் அணு உலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உள்ளே எட்டிப் பார்க்க எவராலும் இயலாது. கூடங்குளத்து உலையை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த எஃகுக் கலத்துக்குள் 157 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூற்றைம்பது மடங்கில், நீர் சுழன்று ஓடுகிறது. அதன் வெப்பம் 300 பாகை செல்சியசை ஒட்டியது. அடுப்பின்மேல் 100 பாகையில் கொதித்துப் பொங்கிவிடும் நீர், அவ்வழுத்தத்தின்கீழ் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. அதனைச் சூழக் கான்கிரீட்டுச் சுவர். சுவருக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறை. அவ்வறையில் அமர்ந்து உலையை நடத்துவோருக்கு அதன் நிலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் முள்ளும் விளக்கும் திரையில் ஓடும் எண்ணும் சொல்லும் செய்தியே.

அச்செய்தி மெய்யாக இருக்கும்படி காப்பவர் யார்? கருவி மற்றும் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பர் என்பது அவருக்குரிய நீண்ட பெயர். கருவியாளர் என்று நாம் சுருக்கமாகச் சொல்வோம். பட்டம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில், டிப்ளமோவோ ஐ.டி.ஐ. சான்றிதழோ பெற்றவர்களே பெரும்பாலும் இவ்வேலையைத் தம் கையால் செய்கிறார்கள். அவர்களை எவ்வாறு பயிற்றுகிறார்கள், அப்பயிற்சியில் இணையவழிப் பாடத்துக்கு உரிய இடம் எது, கைவேலைக்கு உரிய இடம் எது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நெடுங்காலம் பள்ளியில் பாடம் சொன்னவன் நான். என் வகுப்பில் ஒரு பாடம் பிள்ளைகளின் மனத்தில் சரியாகப் படியாவிட்டால் மதிப்பெண் குறைந்தது. இவர்கள் வகுப்பில் அவ்வாறு நேர்ந்தால் குறைவது மதிப்பெண் மட்டுமன்று. அதனாலேயே இந்தப் பயிற்சிமுறை என் கவனத்தை இழுத்தது.

முதலில் ஒரு கருவியைப் புரிந்துகொள்வோம். மூடிய கலம் ஒன்றில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அறியவேண்டும். கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்க்கலாம் என்பீர்கள். அது சிறிய கொதிகலனுக்குப் பொருந்தும். அணு உலையில் வேறு வழி செய்கிறார்கள். கலத்தின் அடிப்பகுதியிலிருந்து ஒரு குழாய் வருகிறது. கலத்தின் உச்சியிலிருந்து மற்றொரு குழாய் இறங்கி வருகிறது. உச்சியில் உள்ள சிறு கூண்டில் நீராவி குளிர்ந்து நீராகிக்கொண்டே இருப்பதால், இந்த இரண்டாவது குழாயில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும். இதனை நிறைகுழாய் என்றே அழைப்போம். இரண்டு குழாய்களும் கீழே ஒரு கருவியில் வந்து முடிகின்றன. அக்கருவி இரண்டு பக்கத்து அழுத்தங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். நிறைகுழாயின் உயரம் 4 மீட்டர். கலத்தில் நீர் 1 மீட்டர் நிற்கிறது. வேறுபாடு 3 மீட்டர் நீரின் எடை. கலத்தில் நீர் 3 மீட்டராக உயர்ந்தால் வேறுபாடு 1 மீட்டராகச் சுருங்கும். ஆகவே வேறுபாடு மிகுந்தால் கலத்தில் நீர் குறைவு. வேறுபாடு குறைந்தால் நீர் மிகுதி. கருவி அறிந்த இலக்கணம் இவ்வளவுதான். இப்பொழுது ஒரு கேள்வி. கலத்தில் நீர் 1 மீட்டரிலேயே நிற்கிறது. ஆனால் ஏதோ காரணத்தால் நிறைகுழாயில் இருந்த நீரில் 2 மீட்டர் ஆவியாகிப் போய்விட்டது. கருவி என்ன காட்டும்? இந்தப் பக்கம் 2 மீட்டர், அந்தப் பக்கம் 1 மீட்டர், வேறுபாடு 1 மீட்டர். ஆகவே கலத்தில் 3 மீட்டர் நீர் இருக்கிறது என்று கருவி காட்டும். கம்பி அறுபடவில்லை, முள் சிக்கவில்லை, கருவியில் பழுது ஒன்றுமில்லை. இருந்தும் அது சொல்வது முழுப் பொய்.

இது வகுப்பறைக்காகக் கற்பித்துக்கொண்ட கணக்கன்று. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் ஜப்பானில் ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் பேரலை புகுந்து, முதல் உலையின் மின்வழிகளையும் பேட்டரிகளையும் மூழ்கடித்தது. கட்டுப்பாட்டு அறை இருண்டது. முள் ஒன்றும் அசையவில்லை. அங்கிருந்த பணியாளர்கள் வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். கருவிகளுக்கு வேண்டுவது 24 வோல்ட்டு. வண்டிப் பேட்டரி தருவதோ 12 வோல்ட்டு. ஆகவே இரண்டைத் தொடராக இணைத்துக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தார்கள். இரவு 9 மணிக்குமேல் நீர்மட்டக் கருவி விழித்துக்கொண்டு, எரிபொருளின் உச்சிக்கு மேலே சுமார் 200 மில்லிமீட்டர் நீர் நிற்பதாகக் காட்டியது. சிறிது நேரத்தில் மட்டம் இன்னும் உயர்ந்ததாகவும் காட்டியது. உண்மையில் எரிபொருள் அதற்கு முன்னரே நீரைவிட்டு வெளிப்பட்டு உருகத் தொடங்கியிருந்தது என்பது பின்னர் செய்த ஆய்வுகளின் முடிபு. வெப்பத்தால் நிறைகுழாயின் நீர் ஆவியாகிப் போயிருந்தது.

இரண்டு மாதங்கள் கழித்து மே மாதத்தில் பணியாளர்கள் அவ்வுலைக் கட்டடத்துக்குள் சென்று, அந்தக் கருவியை அளவுத்திருத்தம் செய்தார்கள். திருத்திய பின்னர் கருவி காட்டிய மட்டம் எரிபொருள் இருந்திருக்கவேண்டிய இடத்துக்கும் கீழே இருந்தது. நிலையத்தார் அதனை மே 12-ஆம் நாள் வெளியிட்டார்கள். இரண்டு மாதங்களாக உலகம் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றைத் துலக்கியது, சிறு குழாய்களும் வால்வுகளும் கொண்ட ஓர் அளவுத்திருத்த வேலை. கருவியாளர் நாள்தோறும் செய்யும் வேலை அதுவே.

இப்பொழுது பயிற்சிக்கு வருவோம். நிறைகுழாயின் நீர் வற்றினால் என்ன நேரும் என்பதை ஒரு பயிற்சியாளனுக்குக் காட்டவேண்டும். ஓடும் உலையில் காட்ட முடியுமா? முடியாது. கரும்பலகையில் வரைந்து காட்டலாம். நானும் அப்படித்தான் காட்டியிருப்பேன். ஆனால் கணினித் திரையில் அதே படம் அசைகிறது. பயிற்சியாளன் தன் விரலால் நிறைகுழாயின் மட்டத்தை இறக்குகிறான்; முள் ஏறுகிறது. கலத்து நீரின் வெப்பத்தைக் கூட்டுகிறான், நீர் இலேசாகிறது, மட்டம் மாறாமலேயே முள் மாறுகிறது. 20 பாகையில் ஒரு கனமீட்டர் நீரின் எடை ஏறக்குறைய 998 கிலோகிராம். 300 பாகையில் கொதிநிலையில் உள்ள அதே அளவு நீர் 712 கிலோகிராமை ஒட்டியதே. குளிர்ந்த நீருக்குத் திருத்திய கருவி வெந்நீரில் ஏன் தவறும் என்பதை அவன் பத்து முறை செய்து பார்க்கலாம். பதினோராவது முறையும் செய்யலாம், திரை சலித்துக்கொள்வதில்லை. வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கக் கூசும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் படித்துவிட்டு முதன்முறையாக ஆங்கில நூலைக் கையில் எடுத்தவனுக்கு அக்கூச்சம் இரட்டிப்பாகும். அவனுக்கு நிறுத்தியும் திருப்பியும் கேட்கக்கூடிய பாடம் பெரிய துணை.

ஆகவே கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது திரைக்குரிய வேலை என்று நான் கருதுகிறேன். இதனை மறந்து, அச்சிட்ட புத்தகத்தின் பக்கங்களை அப்படியே திரையில் ஏற்றிவிட்டு இணையவழிப் பாடம் என்று பெயர் சூட்டுவோரும் உண்டு. அடுத்து, அடுத்து என்று பொத்தானை அழுத்திக்கொண்டே போய் இறுதியில் பத்துக் கேள்விக்கு எட்டு விடை சரியாகக் குறித்தால் தேர்ச்சி! அது கல்வியாகாது, வருகைப் பதிவேடு.

திரை தராத பாதி எது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை இங்கே சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எதற்கு உதவாது என்று விளக்கிச் சொன்னால்தான் பயன். மேலே சொன்ன கருவியை உலையிலிருந்து பிரித்துச் சோதிப்பதற்கு மூன்று வால்வுகள் உண்டு. இரண்டு பக்கத்துக் குழாய்களையும் அடைப்பவை இரண்டு; இரு பக்கத்தையும் ஒன்றோடொன்று சமப்படுத்துவது ஒன்று. முதலில் ஒரு பக்கத்தை அடைக்கவேண்டும். பின்னர் சமவால்வைத் திறக்கவேண்டும். அதன்பின் மறுபக்கத்தை அடைக்கவேண்டும். அவசரத்தில் சமவால்வை முதலில் திறந்துவிட்டால், நிறைகுழாயின் நீர் மறுபக்கத்துக்கு ஓடிவிடும். ஃபுகுஷிமாவில் வெப்பம் செய்ததை இங்கே கருவியாளரின் கையே செய்துவிடும். இந்த வரிசையைத் திரையில் எவரும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்யலாம். ஆனால் இரட்டைக் கையுறை அணிந்து, முழங்காலிட்டு, மங்கிய ஒளியில், ஒன்றுபோலவே தோன்றும் மூன்று கைப்பிடிகளில் எது எது என்று தெரிந்து திருகுவது வேறு வித்தை. வால்வு முழுவதும் அடைந்துவிட்டதா, அல்லது துரும்பு சிக்கி நின்றுவிட்டதா என்பதை விரலில் உணரும் எதிர்ப்பைக்கொண்டே அறியவேண்டும். கால் அங்குலக் குழாய் இணைப்பின் மரையை விரலால் இறுகும்வரை திருகிவிட்டு, அதன்பின் சாவியால் ஒன்றேகால் சுற்று என்பது வழக்கமான கணக்கு. குறைந்தால் கசியும், மிகுந்தால் குழாய் நசுங்கும். ஒன்றேகால் என்ற சொல் காதுக்கு எளிது. கை அதனைக் கற்கப் பல குழாய்கள் வீணாகவேண்டும். அவை பயிற்சிக்கூடத்தில் வீணாகட்டும் என்பதற்கே பயிற்சிக்கூடம்.

கை விரைந்து செய்யக் கற்பதற்கு அணுமின் நிலையத்தில் மற்றொரு காரணமும் உண்டு. சில இடங்களில் கதிரியக்கம் இருக்கும். ஓரிடத்தில் மணிக்கு 0.2 மில்லி சீவெர்ட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரைமணி நேரம் தடுமாறுபவன் 0.1 பெறுவான், கால்மணியில் முடிப்பவன் அதில் பாதியே பெறுவான். நம் நாட்டில் தொழிலாளர் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட்டுக்கு மேல் பெறலாகாது என்பது விதி. எனவே கருவி, குழாய், சுவர் எல்லாவற்றையும் அதே அளவில் கதிரியக்கமில்லாத கூடத்தில் அமைத்து, அதிலே ஒத்திகை பார்த்த பின்னரே உள்ளே அனுப்புகிறார்கள். நாடகக்காரர் அறிந்த முறைதான் இது.

மின்வழியிலும் இத்தகைய பாடங்கள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கருவி தன் செய்தியை மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. அழுத்தம் சுழியானால் 4 மில்லி ஆம்பியர்; முழு அளவானால் 20. எல்லை 160 பார் என்றால் 12 மில்லி ஆம்பியர் 80 பாரைக் குறிக்கும். சுழிக்குச் சுழியே வைத்திருக்கலாமே, ஏன் 4? சிந்தித்துப் பாருங்கள். கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் சுழியாகும். அழுத்தம் இல்லாவிட்டாலும் சுழியாகும் என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 4 என்றால் உயிரோடு இருக்கிறேன், அழுத்தம் இல்லை என்று பொருள். சுழி என்றால் கம்பியே இல்லை என்று பொருள். பள்ளி இயற்பியல் படித்த எவரும் மகிழத்தக்க நுட்பம் இது. இதற்குத் திரையும் வேண்டும், மல்டிமீட்டரும் வேண்டும்.

இந்த இரண்டு கல்வியும் இணையவேண்டும் என்ற எண்ணம் எங்கே வலுப்பெற்றது என்று கேட்டால், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துத் திரீ மைல் ஐலண்டு நிலையத்தைச் சொல்லவேண்டும். 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் அதிகாலை 4 மணி. இரண்டாம் உலைக்கு நீர் ஊட்டும் பம்புகள் நின்றன. உலை சில நொடிகளில் தானே நின்றது. மிகுந்த அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு திறந்தது. திறந்த வால்வு மூடவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, மூடிவிட்டது என்று எண்ணத்தக்கவாறு அணைந்தது. ஏன் தெரியுமா? அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. வால்வுக்கு அனுப்பிய ஆணையைத்தான் காட்டியது. மூடு என்ற ஆணை போயிற்று, விளக்கு அணைந்தது, வால்வோ திறந்தபடியே கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையின் நீர் அவ்வழியே வெளியேறியது.

இன்னொரு கருவியும் அன்று குழப்பியது. உலையோடு இணைந்த அழுத்தக் கலத்தில் நீர்மட்டம் உயர்ந்து நின்றது. அக்கருவி சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கலத்தில் நீர் நிறைந்திருந்ததைக் கண்டு, உலையிலும் நீர் நிறைந்திருக்கிறது என்று முடிவு செய்து, அவசரகால நீர்வரத்தைக் குறைத்துவிட்டார்கள். உலையிலோ நீராவி புகுந்து நீரை இடம்பெயர்த்திருந்தது. விளக்கு கேட்ட கேள்விக்குத் தவறான விடை தந்தது. மட்டக்கருவி சரியான விடை தந்தது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எரிபொருளில் ஏறக்குறையப் பாதி உருகியது. மற்றொன்றும் கருவியாளர் மாணவருக்கு முக்கியம். சில நாட்களுக்கு முன் சோதனைக்காக மூடிய இரண்டு நீர்வால்வுகள் அன்றும் மூடியே கிடந்தன. அதனைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. அவற்றுள் ஒன்றின் விளக்கைப் பராமரிப்புச் சீட்டு ஒன்று மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இவ்விபத்தை ஆராய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த குழுவுக்குத் தலைவர் ஜான் கெமெனி. கணித அறிஞர், டார்ட்மவுத் கல்லூரியின் தலைவர். அவரைப் பற்றி மாணவர்கள் அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 1964-இல் தாமஸ் கர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து பேசிக் என்ற எளிய கணினி மொழியை ஆக்கியவர் அவரே. விஞ்ஞானம் படிக்காத மாணவனும் கணினியோடு பேசவேண்டும், ஒரே கணினியைப் பல மாணவர்கள் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பயன்படுத்தவேண்டும் என்று உழைத்தவர். கணினியை மாணவர் கைக்குக் கொண்டுவந்த அந்த ஆசிரியரே, ஒரு விளக்கு சொன்ன பொய்யால் நேர்ந்த விபத்தையும் ஆராய நேர்ந்தது. அவருடைய குழு 1979 அக்டோபரில் தந்த அறிக்கை, யந்திரக் குறைகளோடு பயிற்சிக் குறைகளையும் கடுமையாகவே சுட்டிக்காட்டியது.

அதன் விளைவாக நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் தமக்குள் ஒரு பொதுக் கழகத்தை அமைத்தன. 1985-இல் பயிற்சிக்கென்றே ஒரு தேசியக் கலைக்கழகம் உண்டாயிற்று. 1993-இல் வந்த அரசு விதி, ஒன்பது வகைப் பணியாளர்களுக்கு முறைப்படியான பயிற்சி கட்டாயம் என்றது. அவ்வொன்பதில் கருவியாளரும் ஒருவர். அம்முறைக்கு ஐந்து படிகள்: வேலையை ஆராய்தல், பாடத்தை வகுத்தல், ஆக்குதல், நடத்துதல், மதிப்பிடுதல். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் நாங்கள் நூலிலிருந்து தொடங்கினோம். இவர்கள் வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வால்வைத் திருகுபவன் எதை அறியவேண்டும், எதைச் செய்ய வல்லவனாக வேண்டும் என்று பட்டியலிட்டு, அறியவேண்டியதை ஒரு பக்கமும் செய்யவேண்டியதை மறுபக்கமும் பிரிக்கிறார்கள். இணையவழிப் பாடமும் கைவேலையும் பிரியும் இடம் அதுதான். எல்லா நிலையத்துக்கும் பொதுவான கதிரியக்கக் காப்பு, தொழிற்பாதுகாப்பு போன்றவற்றை இணையவழியே கற்றுத் தேர்ந்துவிட்டு வரச்செய்கிறார்கள். வியன்னாவில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையும் அணுக்கல்விக்கென இணையத்தளம் ஒன்று நடத்துகிறது. 2020-இல் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியபோது இணையவழிப் பாடம் எங்கும் பெருகியது. ஆனால் வால்வுகள் தொற்றுக்காகக் காத்திருக்கவில்லை. கைவேலைக்குரிய பாதி அப்போதும் கூடத்திலேயே நடந்தாகவேண்டியிருந்தது.

எது முதலில் வரவேண்டும்? திரையா, மேசையா? ஏற்பாட்டுக்கு எளிது என்று பாடமெல்லாம் முதல் மாதத்திலும் கைவேலையெல்லாம் கடைசி மாதத்திலும் வைப்பது எனக்கு உடன்பாடன்று. காலையில் திரையில் நிறைகுழாயை வற்றச் செய்தவன், பிற்பகலில் மேசைமீதுள்ள கருவியில் அதையே செய்து பார்க்கவேண்டும். மறுநாள் காலை தன் கைக்கு ஏற்பட்ட ஐயத்தோடு திரும்பவும் திரைக்கு வரவேண்டும். கைவேலை மட்டும் அறிந்தவனும் ஆபத்தானவனே. வரிசை தவறாமல் வால்வுகளைத் திருகுவான். அவ்வரிசை ஏன் என்று அறியாதவன், சற்றே மாறுபட்ட கருவி ஒன்றைக் கண்டதும் அதே வரிசையை அங்கும் திணிப்பான்.

இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு; அது பழக்கம். உலையைக் காக்கும் கருவிகள் ஒற்றையாக இருப்பதில்லை. கல்பாக்கத்தில் 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கிய உலைகள் போன்றவற்றில், ஒரே அளவை மூன்று தனித்தனித் தடங்கள் அளக்கின்றன. மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் உலை தானே நின்றுவிடும். ஒன்று பழுதானாலும் காவல் குறையாது. ஒன்று பொய்யாகக் கூவினாலும் உலை வீணாக நிற்காது. கருவியாளர் ஒரு சமயத்தில் ஒரு தடத்தை மட்டுமே சோதிப்பார். அத்தடம் நிறுத்தக்குறி காட்டும் நிலையில் இருக்கும்போது, அவர் கை தவறி அடுத்த தடத்தின் பெட்டியைத் திறந்துவிட்டால் இரண்டாவது குறியும் பிறக்கும், உலை நின்றுவிடும். பெட்டிகளோ உடன்பிறந்தவர்போல் ஒத்திருப்பவை. அதனால், தொடுவதற்குமுன் நின்று, பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படித்து, கையிலுள்ள செயல்முறைத் தாளோடு ஒப்பிட்டு, உடன் நிற்பவர் ஆம் என்ற பின்னரே தொடுவது என்று பழக்குகிறார்கள். கட்டுப்பாட்டு அறை தொலைபேசியில் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்று உறுதிசெய்த பின்னரே செயல்படவேண்டும். செய்த படியைத் தாளில் குறித்துவிட்டே அடுத்த படி. ஜப்பானிய இரயில் ஓட்டுநர்கள் சைகைக் கம்பத்தை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வார்கள், இதுவும் அவ்வகையே. பார்ப்பவருக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். இப்பழக்கத்தைத் திரை வருணிக்கலாம். ஆனால் வெட்கம் நீங்கி, களைப்பிலும் இரவுப் பணியிலும் தானாகவே வரும்படி அது ஊறுவதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மூத்தவர் வேண்டும்.

நம் மாணவர்களில் சிலருக்கு இத்துறையில் விருப்பம் பிறக்கலாம். இந்திய அணுமின் கழகம் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு ஆகியவற்றை முடித்தோரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை தந்து பயிற்றுவிக்கிறது. டிப்ளமோ படித்தோருக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டும், ஐ.டி.ஐ. முடித்தோருக்கு இரண்டு ஆண்டும் இப்பயிற்சி நடைபெறும். கருவித்துறைக்கு வருவோர் பள்ளியில் படித்த இயற்பியலில் மூன்று பாடங்களை மறவாமல் கொண்டுவந்தால் போதும்: நீர்மத்தின் அழுத்தம், மின்தடை, வெப்பத்தால் பொருள்கள் மாறும் விதம். பிளாட்டினக் கம்பியின் தடை 0 பாகையில் 100 ஓம். 100 பாகையில் 138.5 ஓம். உலையின் வெப்பத்தை அளப்பதும் இந்த எளிய உண்மையைக்கொண்டே. மீதியைப் பயிற்சிக்கூடம் கற்பிக்கும்.

பயிற்சியின் முடிவில் நடக்கும் செய்முறைத் தேர்வு எப்படியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளன் கையில் செயல்முறைத் தாள், எதிரே கருவி, பக்கத்தில் தேர்வாளர். தேர்வாளர் உதவி செய்யமாட்டார், தலையும் அசைக்கமாட்டார். நல்ல தேர்வாளர் சில சமயம் கருவியில் ஒரு சிறு மாறுதலைச் செய்து வைத்திருப்பார். தாளில் ஒரு பெயர், பெட்டியின்மேல் ஓரெழுத்து மாறிய வேறொரு பெயர் இருக்கும். அல்லது திறந்திருக்கவேண்டிய வால்வு மூடியிருக்கும். கைத்திறனில் சிறந்த சில இளைஞர்கள் அதனைக் கவனியாமல் மளமளவென்று முடித்துவிடுவார்கள். அவர்கள் திரும்பவும் வகுப்புக்குப் போகவேண்டும். வேறொருவன் பாதியில் கையை எடுத்துவிட்டு, "ஐயா, தாளில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒத்துவரவில்லை, நிறுத்திக்கொள்கிறேன், மேலாளரைக் கூப்பிடுங்கள்" என்பான். அவன் கருவியைத் திருத்தவேயில்லை. தேர்வாளர் அவனுடைய தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.